வெள்ளிக்கிழமை நடுங்கிய கார்

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையை நினைத்தால் எனக்கு முதலில் வருவது ஒரு மணம். பெற்றோலும் வாவிக் காற்றும் முதலாளியின் சால்வையில் பூசியிருந்த அத்தரும் கலந்த மணம்.

கல்லடிப் பாலத்தடியில், காத்தான்குடியிலிருந்து வருகிறவர்கள் பாலம் ஏறுமுன் கடக்கிற இடத்தில் என் கராஜ் இருந்தது. கராஜ் என்று பெரிதாகச் சொல்கிறேன். நாலு தென்னங்கம்பம், கிடுகுக் கூரை, நடுவே ஒரு குழி, அவ்வளவுதான். பாலம் வந்து சில வருடங்கள்தான் ஆகியிருக்கும். இரண்டாம் உலக யுத்தம் என்ற பேச்சே இன்னும் வராத காலம்.

மீராலெப்பை முதலாளியின் பச்சைக் கார் வந்து நின்றது. காத்தான்குடியில் சீலைக் கடை வைத்திருந்தவர். எப்போதும், "பாஸ், சுகமா இரிக்கிங்களா?" என்று கேட்டுக்கொண்டே இறங்குவார். அன்று வாய் திறக்காமல் இறங்கினார். றைவர் சூசைப்பிள்ளை அண்ணன் ஸ்டியரிங்கை விட்டு இறங்கவில்லை.

"பாஸ், ஒண்டுதான் கேக்கிறன்," என்றார் முதலாளி. "இந்தக் கார் நடுங்குதா, இல்லாட்டி காரை ஓட்டுற ஆள் நடுங்குறாரா? அத மட்டும் பாத்துச் செல்லுங்க."

காத்தான்குடிக்காரர் வாயில் 'சொல்லுங்க' 'செல்லுங்க' ஆகிவிடும். கைத்தொழில் தெரிந்தவனை எங்கள் பக்கத்தில் பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். சூசை அண்ணன் மட்டும் வயதில் மூத்தவர் என்பதால் என்னைத் "தம்பி" என்பார்.

"தம்பி, கார்தான்," என்றார் அவர் உள்ளே இருந்தபடி. "பிறேக்கில காலை வச்சா அடியில இருந்து உலுக்குது. நான் பொய் சொல்லல்ல."

அவருடைய பிழைப்பும் பெயரும் அந்த நிமிடம் என் வாய்ச்சொல்லில் தொங்கிக்கொண்டிருந்தன. எனக்கோ ஒரு புதிர் கிடைத்த சந்தோஷம்.

நடுக்கத்துக்கு எத்தனை பேச்சு

இந்த இடத்தில் கொஞ்சம் தொழில் பேச விடுங்கள். அதைப் பேசாமல் என் குற்றம் விளங்காது.

எனக்குத் தொழில் சொல்லித் தந்தவர் யாருமில்லை. ஒரு பாதிரியார் கைவிட்டுப் போன மோட்டார் சைக்கிளை மூன்று தரம் கழற்றிப் பூட்டினேன். மூன்றாம் தரம் நாலு ஆணி மிஞ்சியது. ஆனாலும் அது ஓடியது. அன்றிலிருந்து நான் மெக்கானிக். புத்தகம் ஒன்றும் வைத்திருந்தேன், இங்கிலீசுப் புத்தகம். அதில் படம் பார்ப்பேன்.

ஆகவே பழுதுகளை நான் படித்தது ஆட்களின் வாயிலிருந்துதான். பிறேக் பிடித்தால் கார் நடுங்குகிறது என்று ஒருவரும் நேரே சொல்லமாட்டார்கள். செட்டிபாளையத்து வாத்தியார் ஒருவர், "கைக்குள்ள கோழியப் பிடிச்ச மாதிரி இருக்கு" என்றார். ஸ்டியரிங் கையில் படபடக்கிறது என்று பொருள். முன் சக்கரத்தை, எங்கள் பேச்சில் முன்சில்லை, கழற்றினேன். அச்சில் ஆட்டம். கிரானிலிருந்து வந்த காணிக்காரர் ஒருவர், "இலையான் மொய்ச்சா எருமை தோலைச் சிலுப்புமே, அந்த மாதிரி" என்றார். அடியில் காரைத் தாங்குகிற வில்லுத் தகடு இறுக்கம் விட்டிருந்தது.

இன்னொருவர் தாடையைப் பிடித்துக்கொண்டே வந்தார். "பல்லெல்லாம் கழண்டு விழப் பாக்குது பாஸ். நான் வாயைப் பொத்திக்கொண்டுதான் பிறேக் பிடிக்கிற."

"அப்ப ஸ்டியரிங்க ஆரு பிடிக்கிற?"

"அதுக்குத்தானே மச்சானக் கூட்டிக்கொண்டு திரியிறன்!"

இப்படிக் கேட்டுக் கேட்டு எனக்குள் ஒரு தெளிவு வந்திருந்தது. நடுக்கம் கையில் தெரிந்தால் முன்சில். குந்தியிருக்கிற இடத்தில் தெரிந்தால் பின்சில். சும்மா ஓடும்போதும் நடுங்கினால் சில்லைப் பார்க்க வேண்டும். பிறேக் பிடிக்கும்போது மட்டும் நடுங்கினால் பிறேக் டிறம்மைத் திறக்க வேண்டும்.

டிறம் என்பது சில்லோடு சேர்ந்து சுற்றுகிற இரும்புச் சட்டி. அதற்குள் வளைந்த இரண்டு கட்டைகள் இருக்கும். நாங்கள் அவற்றைச் சப்பாத்து என்போம். காலால் மிதித்தால் சப்பாத்து விரிந்து, சுற்றுகிற சட்டியை உள்ளிருந்து அழுத்தும். சட்டி ஒரே சீராக இருந்தால் கார் சீராக நிற்கும். ஓரிடத்தில் மட்டும் சொரசொரப்பு இருந்தால், ஒவ்வொரு சுற்றிலும் அந்த இடம் வரும்போது கவ்வும், விடும், கவ்வும், விடும். அதுதான் நடுக்கம்.

ஆகவே கார் கராஜுக்கு வந்ததும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். உள்ளே இருந்தவர்களில் யாருக்கு அது முதலில் தெரிந்தது?

இவ்வளவும் தெரிந்த நான் அந்தக் கேள்வியைச் சரியான ஆளிடம் கேட்கவில்லை.

பாலத்தில் பத்துத் தரம்

முதலாளியின் முறைப்பாடு இது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் குடும்பத்தோடு ஏறாவூருக்குப் போவார், மனைவியின் தங்கை வீட்டுக்கு. போகும்போது பிறேக் பிடிக்கிற இடமெல்லாம் கார் நடுங்கும். சனிக்கிழமை கொஞ்சம் குறையும். ஞாயிறு, திங்களில் ஒன்றுமே இருக்காது. மறுபடி அடுத்த வெள்ளி.

சூசை அண்ணனுக்கு லீவு வியாழன் பின்னேரத்திலிருந்து வெள்ளி மத்தியானம் வரை. அவர் வீட்டுக்குப் போகிற வழியில் கள்ளுத் தவறணை ஒன்று இருந்தது. ஒரு காலத்தில் அவர் உள்ளே நுழையாமல் அதன் வாசலைத் தாண்ட மாட்டாதவர். மனைவி காலமான பிறகு விட்டுவிட்டார். மற்றவர்கள் தொடங்குகிற நேரத்தில் அவர் நிறுத்தினார். நாலு வருடம் ஆகியிருந்தது. ஆனால் ஊர் ஒருவனுடைய குடியை நினைவு வைத்திருக்கிற அளவுக்கு, அவன் விட்டதை நினைவு வைத்திருப்பதில்லை.

நானே ஏறிப் பாலத்துக்கு ஓட்டிப் போனேன். போகையில் ஐந்து, வருகையில் ஐந்து, பத்துத் தரம் பிறேக் பிடித்துப் பார்த்தேன். கார் வழுக்கிக்கொண்டு வந்து அழகாக நின்றது. முதலாளி பக்கத்தில் இருந்தார்.

"வெள்ளிக்கிழமை எங்க ஆடின முதலாளி? கையிலயா, சீட்டிலயா?"

"முழுக்கத்தான் ஆடின. எனக்கென்ன தெரியும்? நான் பயத்தில கதவைப் பிடிச்சிக்கு இரிந்தன்."

அதோடு விட்டேன். பின் சீட்டுக்கு ஒரு திரை போட்டிருந்தது. வெள்ளிக்கிழமைகளில் அந்தத் திரைக்குப் பின்னால் அவருடைய மனைவியும் பிள்ளைகளும் இருப்பார்கள். வீட்டுப் பெண்களிடம் ஒரு கராஜ்காரன் கேள்வி கேட்பது எங்கள் ஊரில் வழக்கமில்லை. கேட்டு வரச் சொல்லி முதலாளியிடம் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. உண்மையைச் சொன்னால், அங்கே கேட்க ஏதோ இருக்கிறது என்ற நினைப்பே எனக்கு வரவில்லை.

பிறகு சூசை அண்ணனை ஓட்டச் சொன்னேன். முதலாளி ஒரு பக்கம், நான் பின்னால். இரண்டு பேரும் அவர் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தோம். நாலு கண் தன் கையையே பார்த்தால் யாருடைய கைதான் ஆடாது? கியர் மாற்றுகையில் அவருடைய விரல்கள் லேசாக நடுங்கின. நான் அதைக் கண்டேன். நான் கண்டதை முதலாளி கண்டார்.

இறங்கியதும் சொன்னேன்: "வண்டியில ஒரு பழுதும் இல்ல முதலாளி."

அவர் குடித்தார் என்று நான் சொல்லவில்லை. வெகுகாலம் இதைச் சொல்லித்தான் என்னை நானே சமாதானப்படுத்தினேன்.

"தம்பி, இண்டைக்கு இல்ல. வெள்ளிக்கிழமை ஒருக்கா வந்து பாருங்க," என்றார் சூசை அண்ணன்.

முதலாளி அவரைத் திரும்பிப் பார்த்தார். "வெள்ளிக்கு வெள்ளி வாற நோய் காருக்கு வராது சூசை. மனிசருக்குத்தான் வரும்."

நான் சிரித்தேன். கெட்ட எண்ணத்தில் இல்லை, பேச்சு நன்றாக இருந்தது என்று சிரித்தேன். நல்ல பேச்சைக் கேட்டால் சிரித்துவிடுவது என் பழக்கம். பாலத்தடியில் பஸ்ஸுக்கு நின்றவர்களும் சிரித்தார்கள்.

சூசை அண்ணன் சாவியை எடுத்துக் காரின் மட்காட்டின் மேல் வைத்தார். சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பாலத்தின் மேலே நடந்து போனார்.

திரைக்குப் பின்னாலிருந்து

அதன் பிறகு இரண்டு மாதத்துக்கு மேல் அந்தக் கார் கொட்டிலில் நின்றது. வீட்டுப் பெண்களை நம்பி ஏற்றிவிட முதலாளிக்கு ஒரு றைவரும் கிடைக்கவில்லை. கடைசியில் தன் மருமகன் இஸ்மாயிலையே ஓட்டப் பழக்கினார். ஐந்து நேரமும் தொழுகிற, சோடா குடித்தாலும் முகம் சுளிக்கிற ஆள்.

ஐப்பசி பிறந்து, மழை இன்னும் இறங்காத ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், பச்சைக் கார் கராஜ் வாசலில் வந்து நின்றது. முதலாளி கொழும்புக்குச் சரக்கெடுக்கப் போய் ஒரு மாதமாகியிருந்தது. இஸ்மாயில் வெளிறிப்போய் இறங்கினார்.

"பாஸ், கார் நடுங்குது. மூணு வெள்ளிக்கிழமையா இப்பிடித்தான். மாமாட்டச் செல்லிராதீங்க. நானும் குடிக்கிறன் எண்டிருவார்!"

ஏறிக் கொஞ்ச தூரம் ஓட்டினேன். பிறேக்கில் காலை வைத்தேன். நடுங்கியது. சூசை அண்ணன் சொன்னபடியே, அடியிலிருந்து உலுக்கியது.

திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. முதலாளியின் மனைவி சுலைஹா உம்மா. அதுவரை அவருடைய குரலை நான் கேட்டதில்லை.

"பாஸ், கோவிச்சிக்காதீங்க, ஒண்டு செல்லட்டா? இது எங்களுக்குக் கீழ இருந்துதான் வருது. முன்னால இரிக்கிறவங்களுக்கு அரைவாசிதான் தெரியும். சில் சுத்துற சுத்துக்கு ஒருக்கா ஒருக்கா இழுக்கி. கார் மெதுவாகினா இழுவையும் மெதுவாகுது. மனிசன்ட கை நடுங்கினா அப்பிடித் தாளம் போட்டா நடுங்கும்?"

நான் எஞ்சினை நிறுத்தினேன்.

"வியாழக்கிழமை ஆத்தில குளிப்பாட்டினா மறுநாள் இப்பிடித்தான். போன மாதம் ஓட்டத் தொடங்கின முதல் வியாழன் இஸ்மாயிலுக்குக் காய்ச்சல், கார் குளிக்கல்ல. அந்த வெள்ளி நடுங்கவும் இல்ல. சூசை இரிக்கக்குள்ளயும் இதே கதைதான்."

"அப்ப ஏன் உம்மா அந்த நேரம்..."

"எங்ககிட்ட ஆரு கேட்டது?"

கடலோடு கலக்கிற வாவியை எங்கள் ஆட்கள் ஆறு என்றுதான் சொல்வார்கள். மாடுகளை இறக்கிக் குளிப்பாட்டுகிற அதே துறையில் காரையும் முழங்காலளவு தண்ணீருக்கு இறக்கித் தேய்த்துக் கழுவுவார்கள். ஜும்ஆவுக்கு முதல் நாள் முதலாளியின் கார் அப்படிக் குளிக்கும். நானும் என் வாடிக்கைக்காரர் கார்களை அப்படித்தான் கழுவினேன். எல்லாரும் செய்கிற வேலைக்குள் பழுது இருக்கும் என்று யார் தேடுவார்கள்?

முதலாளி வீட்டுக் கொட்டில் ஆற்றுக்கு இறங்குகிற சரிவில் இருந்தது. கார் உருளாமல் இருக்கக் கைப் பிறேக்கை இறுக்கிவிடுவார்கள். உப்புத் தண்ணீர் புகுந்த டிறம்மில் சப்பாத்து ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டு வெள்ளி மத்தியானம் வரை நிற்கும்.

பின்சில்லைக் கழற்றி டிறம்மைத் திறந்தேன். பளபளத்த சட்டிக்குள் எதிரும் புதிருமாக இரண்டு துருக் கறைகள். சப்பாத்தின் அச்சு அப்படியே பதிந்திருந்தது, ஈரக் காலோடு ஒருவர் சீமெந்துத் தரையில் ஏறி நின்றதுபோல. தொட்டால் விரலில் செங்கல் நிறம். இரண்டு மூன்று நாள் ஓட்டத்தில் அது தேய்ந்து போயிருக்கும். செவ்வாய்க்கிழமை வந்து பார்த்தால் சட்டி பளிங்குபோலத்தான் இருக்கும்.

உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். கழுவினால் கிணற்றுத் தண்ணீரில் கழுவச் சொன்னேன். கைப் பிறேக் வேண்டாம், சில்லுக்குக் கல் வையுங்கள் என்றேன்.

"என்ன பழுது பாஸ்?" என்று இஸ்மாயில் கேட்டார்.

"கொஞ்சம் துரு."

திரைக்குப் பின்னாலிருந்து மெதுவாக, "அப்ப சூசை?" என்று கேட்டது.

"பாப்பம் உம்மா," என்றேன்.

பாப்பம் என்ற சொல்

வெள்ளை மனதோடு சொல்கிறேன், அடுத்த நாளே முதலாளியிடம் போகத்தான் நினைத்தேன். போகவில்லை. முதலாளி கொழும்பிலிருந்து வரட்டும் என்றேன். வந்தார். மழை விடட்டும் என்றேன். அந்த வருடம் மழையும் எனக்கு ஒத்தாசை செய்தது, விடாமல் பெய்தது.

காரணம் மழை இல்லை. அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு எனக்குப் பெயர் ஏறியிருந்தது. "பாலத்தடி பாஸ் ஒரு பார்வை பார்த்தால் போதும், கார்ப் பழுதா ஆள் பழுதா என்று சொல்லிவிடுவார்" என்று ஊரில் பேச்சு. எழுத்துப் படிக்காத ஒருவனுக்கு அப்படியொரு பேச்சு எவ்வளவு இனிக்கும் என்று உங்களுக்குச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. பிழை விட்டேன் என்று சொன்னால் அந்தப் பெயர் போய்விடும். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. சுலைஹா உம்மா இரண்டாம் தரம் கேட்கவில்லை. திரை மறுபடி திரையாகிவிட்டது.

பங்குனியில் ஒரு லொறிச் சொந்தக்காரர் தன் றைவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். "இவன்ட கண் சரியில்ல போல பாஸ். நீங்க ஒருக்காப் பாத்துச் சொல்லுங்க. உங்கட சொல்லுத்தான் எனக்குச் சொல்லு."

அந்த றைவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! லொறியைத் தொடாமல் இருவரையும் அனுப்பிவிட்டு, அன்றைக்குக் கராஜைச் சாத்தினேன்.

கதிரவெளி

சூசை அண்ணன் கதிரவெளியில் தங்கை வீட்டில் இருக்கிறார் என்று விசாரித்து அறிந்தேன். மறுநாள் பஸ்ஸில் போய், பனிச்சங்கேணியில் வண்டிகளைக் கடத்துகிற மிதவையில் ஏறி, மிச்சத் தூரம் நடந்து போனேன். கடற்கரையில் கரைவலை இழுக்கிறவர்களோடு அவர் நின்றார். என்னைக் கண்டதும் இடுப்புக் கயிற்றை அவிழ்த்துவிட்டு வந்தார். முகத்தில் சிரிப்பு.

"என்ன தம்பி, இவ்வளவு தூரம்?"

"அண்ணன், கார்தான் நடுங்கினது. உங்கட கை இல்ல."

துருவையும் கைப் பிறேக்கையும் ஒன்றும் விடாமல் சொன்னேன். அவர் மணலில் குந்தினார். தன் கைகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"நீ சொன்ன பிறகு எனக்கே சந்தேகம் வந்திட்டு," என்றார். "காலையில எழும்பினா ஒரு குவளையில தண்ணி நிறைச்சுப் பிடிச்சுப் பாக்கிறனான். சில நாள் சிந்தும், சில நாள் சிந்தாது. நாலு வருசத்துக்கு முன்னம் குடிச்சது உள்ளுக்குள்ள கிடந்து கையை ஆட்டுதாக்கும் எண்டு நினைச்சன். தையில வாழைச்சேனை லொறிக்காரர் வந்து வேலைக்குக் கேட்டார். எனக்குக் கை சரியில்ல எண்டு சொல்லி அனுப்பிப்போட்டன்."

பிறகு நிமிர்ந்து கேட்டார்.

"உனக்கு இது எப்ப தெரியும்?"

பொய் சொல்லியிருக்கலாம். நேற்று என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்.

"ஐப்பசியில," என்றேன்.

அவர் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார். "ஐப்பசி. கார்த்திகை. மார்கழி. தை." தை என்றதும் விரல் நின்றது. எழுந்து மணலைத் தட்டினார்.

"சரி பாஸ்," என்றார். "வலை கரைக்கு வருது. நான் போகணும்."

அதற்குப் பிறகு அவர் என்னைத் தம்பி என்று கூப்பிடவே இல்லை.

பாலம்

திரும்பி வந்ததும் நேரே காத்தான்குடிக்குப் போய் முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "கேட்டது உங்ககிட்ட. சூசையை அனுப்பினது நான்," என்றார். அவ்வளவுதான்.

மறு வெள்ளி மனைவி, பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கதிரவெளிக்குப் போனாராம். இஸ்மாயில்தான் பிறகு எனக்குச் சொன்னார். கடற்கரையில், வலை இழுக்கிற அவ்வளவு பேருக்கும் முன்னால் முதலாளி மன்னிப்புக் கேட்டாராம். சூசை அண்ணன் வரமாட்டேன் என்று தலையை ஆட்டினாராம். முதலாளி சாவியை அவர் கையில் வைத்து, "ஊட்டுக்காரியும் புள்ளையளும் பின்னால இரிக்காங்க. நீங்க ஓட்டினா ஊட்டுக்குப் போவம். இல்லாட்டி எல்லாருமா இஞ்ச இரிப்பம்," என்றாராம். சூசை அண்ணன் முதல் மைலை மாட்டு வண்டியை விட மெதுவாக ஓட்டினாராம்.

வேலை திரும்பக் கிடைத்தது. பெயரும் திரும்பியது. ஒவ்வொரு வெள்ளியும் பச்சைக் கார் என் கராஜைக் கடந்து போகும். சூசை அண்ணன் கை உயர்த்துவார். நானும் உயர்த்துவேன். கார் நிற்காது. பழுது பார்க்கப் பாலத்துக்கு அந்தப் பக்கம் வேறொரு கராஜுக்குக் கொண்டு போனார். முதலாளி அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

சில வருடங்களுக்குப் பிறகு ஒருநாள், அந்தக் கார் என் வாசலுக்கு நேரே இருமி இருமி நின்றுபோனது. பெற்றோல் குழாயில் அடைப்பு என்று சத்தத்திலேயே எனக்கு விளங்கியது. ஊதிவிட்டால் சரியாகிவிடும், பத்து நிமிட வேலை. கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

சூசை அண்ணன் இறங்கினார். "சுகமா பாஸ்? வீட்டில எல்லாரும் சுகமா?" என்று அன்பாகக் கேட்டார். உண்மையான அன்புதான், அதில் குறை சொல்ல மாட்டேன். பிறகு பாலத்தில் தூண்டில் போட்டுக்கொண்டு நின்ற நாலு பேரைக் கூப்பிட்டார். ஸ்டியரிங்கில் ஏறி உட்கார்ந்தார். அவர்கள் காரைத் தள்ளத் தொடங்கினார்கள். என் கராஜைக் கடந்து, பாலத்தை நோக்கி.

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு ஓடிப்போய் நானும் பின்னால் கை கொடுத்தேன்.

பாலத்தின் நடுவில் அவர் தலையை வெளியே நீட்டித் திரும்பிப் பார்த்தார். தள்ளுகிறவர்களில் நானும் நிற்பதைக் கண்டார். விடுங்கள் என்று சொல்லவில்லை.

"இன்னும் கொஞ்சந்தான் பாஸ்," என்றார். "அந்தப் பக்கம் மட்டும்."

தள்ளினேன்.